அம்மம்மா வீட்டுப் பழைய சாமான்கள்: விலை பேசுவதற்கு முன்

நீங்கள் கேட்டது இதுதான்: வெள்ளவத்தையில் அம்மம்மாவின் வீடு அடுக்குமாடி கட்டுபவர்களுக்குக் கைமாறுகிறது. மூன்று கிழமைக்குள் ஒழித்துக் கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு பெட்டகம், பிரம்புக் கதிரைகள், குத்துவிளக்குகள், ஒரு பேணி நிறையக் காசு, கிராமபோன், தந்தம் பதித்த சின்னப் பெட்டி, பீங்கான், பழைய படங்கள், கடிதங்கள். வந்து பார்த்த வியாபாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபா தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, கனடாவில் இருக்கும் அக்காவுக்கு எதை அனுப்பலாம்?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். அப்புறம், எதையும் கழுவவோ துலக்கவோ வேண்டாம், பொலிஷ் போடவே வேண்டாம். மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். முப்பது வருடமாகப் பழைய காசும் தளபாடமும் சேர்க்கிறேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் சொல்வேன். மொத்த விலை சொல்லும் வியாபாரி பெரும்பாலும் உள்ளே நுழைந்த பத்து நிமிடத்தில் ஒரேயொரு சாமானைப் பார்த்து முடிவு எடுத்திருப்பார். அந்த ஒன்றே அவர் சொன்ன முழுத் தொகையையும் தாண்டும். அது எது என்று காட்டிக்கொள்ளமாட்டார். பக்கத்தில் கிடக்கும் உடைந்த கதிரையைத்தான் தட்டிப் பார்ப்பார். அதற்காக அவரைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. கடை வாடகை, லொறிக் கூலி, வருடக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும் சாமான் எல்லாம் அவருடைய கணக்கில் இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்த பிறகு பேசுவதுதான் நியாயம்.

அதற்கு ஒரு கிழமை போதும். அதில் முதல் நாளைச் சாமான்களுக்குக் கொடுக்காமல் ஆட்களுக்குக் கொடுங்கள். அம்மா, பெரியம்மா, அம்மம்மாவின் தங்கச்சி, யார் இருக்கிறார்களோ அவர்களை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், இது எங்கிருந்து வந்தது, யார் வாங்கியது, எந்தக் கலியாணத்துக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோவில் காட்டுங்கள். எல்லாச் சாமானையும் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். லாச்சிகளைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், கதிரைகளைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பெரியப்பா வீட்டில் ஒரு முதிரைப் பெட்டகம் இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் கறுப்பு மையால் ஒரு பெண்ணின் பெயரும், சீதனமாக வந்தது என்ற வரியும், ஒரு தை மாதத் திகதியும் எழுதியிருந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு அவர்கள் யாழ்ப்பாணம் போனபோது அது பக்கத்து வீட்டில் தங்கிவிட்டது. அவர்கள் பல வருடம் பத்திரமாக வைத்திருந்து, வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் ஒரு கடையில் அதைக் கண்டேன். பூட்டுத் தகட்டின் ஒரு மூலை நெருப்பில் கறுத்திருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. திறந்து பார்த்தால் உட்பக்கம் முழுக்கச் சீவி, மினுக்கம் அடித்து, புத்தம் புதிதாக இருந்தது. கடைக்காரர் நல்ல வேலை செய்துவிட்டோம் என்ற நினைப்பில் காட்டினார். அந்த வரி இருந்திருந்தால் அது இன்னாருடைய பெட்டகம், இன்ன ஆண்டில் அந்த வீட்டில் இருந்தது என்று எவருக்கும் காட்டலாம். இப்போது அது ஒரு பழைய மரப்பெட்டி. எங்கள் குடும்பத்தில் அந்தப் பெண் யார் என்று சொல்லக்கூடிய கடைசி ஆளும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

பழைய பொருளுக்கு விலை தருவதில் பெரும் பங்கு அது வந்த வழிக்கு உண்டு. ஒரு ரசீது, ஒரு கலியாணப் படத்தில் பின்னால் தெரியும் அதே கதிரை, ஒரு கடிதத்தில் வரும் ஒரு வரி, இவை பொருளோடு சேர்ந்தே இருக்க வேண்டும். பிரித்து விற்றால் இரண்டும் இளைத்துப்போகும்.

சரி, விலைக்கு வருவோம். ஒரே சாமானுக்கு ஒரே நாளில் பல விலை உண்டு. வியாபாரி வாங்கும் விலை, அவர் விற்கும் விலை, சேகரிப்பாளர் நேரடியாகத் தரும் விலை, ஏலத்தில் தரகு கழித்து உங்கள் கைக்கு வரும் விலை. இக்மன் போன்ற தளங்களில் போட்டிருப்பது கேட்கும் விலை. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் விளம்பரத்தை வைத்து உங்கள் சாமானை மதிக்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலாம், அது உண்மை விலை. ஆனால் லண்டனில் விற்ற விலை உங்களுக்கு அப்படியே பொருந்தாது. நாட்டை விட்டு வெளியே போக முடியாத பொருளுக்கு இங்கே வாங்குபவர் தருவதுதான் விலை.

பழமை மட்டும் விலை தராது என்பதற்கு சிங்கர் தையல் மெஷின் நல்ல உதாரணம். தொடர் இலக்கத்தை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடிக்கலாம், நூறு வயது தாண்டியதும் நிறைய உண்டு. ஆனால் இலட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க விற்றதால் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வேலை செய்தால் வைத்துத் தையுங்கள். அதற்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, கோடி ரூபா தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அப்படி ஒரு பொருள் அதில் இல்லை. வலம்புரிச் சங்கு, கஜமுத்து, அரிசியை இழுக்கும் செம்பு என்று வருகிறவர்களும் இதே கூட்டம்தான். முதலில் சோதனைச் செலவுக்கு என்று உங்களிடமே பணம் வாங்குவார்கள்.

உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்கப் போவது பெட்டகத்தையும் கதிரைகளையும்தான். மரத்தை அறிய மறைவான இடத்தைப் பாருங்கள். முதிரை மஞ்சள் ஓடி பட்டுப்போல மினுங்கும். பலா புதிதில் மஞ்சள், காலம் போகப் போகச் செம்பழுப்பாகக் கறுக்கும். கருங்காலி கையில் எடுத்தாலே பாரம் சொல்லும். வேறு மரத்துக்குக் கறுப்பு மை பூசியிருந்தால் அடியில் சுரண்டல் பட்ட இடத்தில் வெளுப்பு தெரியும். பழுப்பில் கருங்கோடு ஓடும் கலமண்டர், சிங்களத்தில் களுமெதிரிய என்பார்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே அருகிப்போன மரம். அப்படி ஏதும் கண்ணில் பட்டால் விலை பேசுவதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது தொழில். பலகைகளின் மூலையில் புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்து இணைப்பதைப் புறாவால் மூட்டு என்பார்கள்; கையால் வெட்டியவை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கை வாளின் தடம் நேராகப் போகும், வட்ட வாளின் தடம் வில்போல் வளையும். வளைந்த தடம் இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தியது. அடித்துச் செய்த ஆணி சதுரமாக இருக்கும். பழைய திருகாணியின் வெட்டு நடுவில் இருக்காது, முனை மொட்டை. பெட்டியின் அடிப்பலகை ஒட்டுப்பலகை (பிளைவுட்) என்றால் 20ஆம் நூற்றாண்டு, வேறு பேச்சு இல்லை. வட்ட மேசை இருந்தால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் நார்க்குறுக்கே சுருங்கும், அதனால் நிசமாகவே பழைய வட்டம் சற்று முட்டை வடிவாகியிருக்கும். இதைப் போலியாகச் செய்வது கடினம். தேய்மானமும் அப்படித்தான், கை படும் இடத்திலும் கால் படும் இடத்திலும்தான் தேய வேண்டும். எல்லா மூலையும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது அரத்தாளால் தேய்த்தது.

கண் பழக வேண்டுமென்றால் ஒரு காலை நேரத்தைப் புறக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிட்டத்தான் 1749இல் கட்டத் தொடங்கிய வொல்ஃபெண்டால் தேவாலயம். ஆறு காலும் வட்ட இருக்கையும் கொண்ட பேர்கோமாஸ்டர் கதிரை என்பது என்ன, பிற்காலத்தில் மொறட்டுவையில் அதைப் பார்த்துச் செய்தது எப்படி வேறுபடுகிறது என்பதெல்லாம் படத்தைப் பார்த்து வராது, அசலின் முன்னால் நின்றால்தான் வரும். உங்கள் பிரம்புக் கதிரைகள், கை நீண்டு கால் போடும் தோட்டத்துரைமார் கதிரைகள் என்றால் அவற்றுக்குக் கொழும்பில் எப்போதும் ஆள் இருக்கிறது. பிரம்பு அறுந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், அதைப் பின்னிக்கொள்ளலாம். சட்டத்தைச் சீவுவதைத்தான் தடுக்க வேண்டும். அரக்குப் பொலிஷின் மேல் நூறு வருடம் கை பட்டு வந்த நிறம் ஒருமுறை போனால் திரும்பாது.

இனிக் காசுப் பேணி. இங்கேதான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

பேணியைக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. புளி, எலுமிச்சை, பிராசோ எதுவும் கிட்ட வரக்கூடாது. புளியின் அமிலம் செம்பின் மேல் பல காலமாகப் படிந்த படலத்தைக் கரைத்துவிடும். கீழே இளஞ்சிவப்பாக, குழி விழுந்த உலோகம் வரும். எந்தச் சேகரிப்பாளருக்கும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். என்னுடைய முதல் ஒல்லாந்தக் காசை நான் அப்படித்தான் கெடுத்தேன், பதினேழு வயதில். இன்றைக்கும் அதைத் தனியாக வைத்திருக்கிறேன்.

என்ன கிடைக்கலாம்? பெரும்பகுதி ஜோர்ஜ் மன்னர் காலத்துச் சதக் காசுகளாக இருக்கும்; சதுர ஐந்து சதம் 1909இலிருந்து வந்தது. இவை அழகானவை, ஆனால் நிறைய உண்டு. 1870 என்று போட்டு, நடுவில் ஒரு மரமும் இருபக்கமும் சிங்களமும் தமிழும் பொறித்த செப்புக் காசு இருந்தால் அது இலங்கை ரூபாவுக்கும் சதத்துக்கும் மாறிய காலத்தின் முதல் வரிசை. ஆண்டையும் நிலையையும் பார்த்துத்தான் விலை. 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா உண்மையான வெள்ளி, சுமார் 28 கிராம். பல வீடுகளில் எடுத்து வைத்திருப்பதால் அது அரிய காசு அல்ல; ஆனாலும் வெள்ளியின் விலைக்குக் கீழே மட்டும் கொடுக்காதீர்கள். ஆங்கில எழுத்து வி, ஓ, சி மூன்றும் பின்னிய சின்னம் உள்ள மெல்லிய செப்புக் காசுகள் ஒல்லாந்தக் கம்பனியின் டொயிட். பழையவை, ஆனால் பெருந்தொகையாக அடித்தவை. அதே சின்னத்தோடு தடித்து, ஒழுங்கற்ற வடிவில், கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்பவற்றில் ஒன்றின் முதலெழுத்தோடு வந்தால் அது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கேயே அடித்த ஸ்டைவர். அதைத் தனியே எடுத்து வையுங்கள். படுத்திருக்கும் நந்தியும் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்தும் தெரிந்தால் அது யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. அது கைக்கு வந்தால் விலையை நினைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.

1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, அனுமாரோ இராமர் பட்டாபிஷேகமோ உள்ள கிழக்கிந்தியக் கம்பனிச் செப்புக் காசு என்று ஒன்று பலரிடம் இருக்கும். அது பிற்காலத்தில் கோயில் பக்கங்களில் விற்ற டோக்கன். சுவாமித் தட்டில் வைக்க நல்லது, விற்பதற்கு ஒன்றுமில்லை.

காசை ஒப்பிட்டுப் பார்க்கக் கோட்டையில் சதாம் வீதிக்குப் போங்கள். மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை அங்குள்ள சென்ட்ரல் பொயின்ட் கட்டிடத்தில் இருக்கிறது. வைத்துக்கொள்ளப் போகும் காசுகளை மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள்; கடற்கரைக் காற்றில் அந்தப் பிளாஸ்டிக் கசிந்து பச்சையாக ஒட்டும். தடித்த காகித உறையும், டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையும் போதும். செம்பில் மாப்போலப் பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். உப்புக் காற்றில் அது நிற்காமல் அரித்துக்கொண்டே போகும்.

குத்துவிளக்குகளை எடைக்குக் கொடுக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கொழும்பில் எத்தனையோ நல்ல வார்ப்புகள் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி உருகிப்போயின. பாகங்களைக் கழற்றி மரையைப் பாருங்கள். கையால் வெட்டிய மரை என்றால் ஒரு விளக்கின் தண்டு மற்றதில் ஏறாது. எண்ணெய்ப் பிசுக்கை இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றி எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஊர்ப்பெயரோ உபயகாரர் பெயரோ வெட்டியிருந்தால் படம் எடுங்கள். கோயில் பெயர் இருந்தால் அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள்; கோயிலுக்கே உரியது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிராமபோனில் பெரிய பித்தளைக் குழல் பளபளத்து, பெட்டியில் நாய்ப் படம் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் இப்போதும் அலங்காரத்துக்காகச் செய்கிறார்கள். நட்சத்திர வெட்டுத் திருகாணி ஒன்று கண்ணில் பட்டாலே போதும், அந்த வகை 1930களில்தான் வந்தது. குழல் இல்லாத, கைப்பெட்டி போல மூடும் கிராமபோன் என்றால் பெரும்பாலும் அசல். இசைத்தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள்; அரக்குத் தட்டு வளைந்து வெடிக்கும்.

பீங்கானைக் கவிழ்த்தால் அடியில் பாதிப் பதில் எழுதியிருக்கும். அமெரிக்க இறக்குமதிச் சட்டம் 1891 முதல் உற்பத்தி நாட்டின் பெயரைக் கேட்டது, அதனால் வெறும் 'இங்கிலாந்து' என்ற முத்திரை பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றால் 20ஆம் நூற்றாண்டு. 'நிப்பொன்' (ஜப்பானின் இன்னொரு பெயர்) என்றால் 1921க்கு முன், 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றால் 1945க்கும் 1952க்கும் இடையில். 'சிலோனில் செய்தது' என்றால் பெரும்பாலும் நாட்டின் பெயர் மாறிய 1972 மே மாதத்துக்கு முந்தியது. கரண்டிகளில் ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டும். நடக்கும் சிங்கமும் நங்கூரமும் சேர்ந்து இருந்தால் பர்மிங்காமில் முத்திரையிட்ட உண்மையான வெள்ளி.

தந்தம் பதித்த பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருங்காலியில் முள்ளம்பன்றி முள்ளும் தந்தமும் பதித்துக் காலியில் 19ஆம் நூற்றாண்டில் நிறையச் செய்தார்கள். உங்களுடையது அந்த இனமாக இருக்கலாம். எலும்பா தந்தமா என்று அறிய ஊசியைச் சூடாக்கிக் குத்தாதீர்கள், உருப்பெருக்கியில் பாருங்கள்: எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் வலைபோலக் குறுக்கிடும். தந்தமாக இருந்தால் அதை இணையத்தில் விற்கப் போடவும் வேண்டாம், அக்காவுக்கு அனுப்பவும் வேண்டாம். சர்வதேச வர்த்தகம் தடை, 2024இல் கனடாவும் தந்த இறக்குமதி விதிகளை இறுக்கியது. பிடிபட்ட தந்தத்தை இலங்கை 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் 359 கொம்புகளாக அடுக்கி வைத்து நசுக்கி அழித்தது, அந்த அளவுக்கு இது கடுமையான விஷயம். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

மற்றச் சாமான்களுக்கும் சட்டம் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது தொல்பொருள், அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. சுங்கத்தினர் இதற்கும் அப்பால், 50 வருடத்துக்கு மேற்பட்ட சிலை, பழம்பொருள், பழைய புத்தகம் போன்றவற்றையும் கொண்டுபோக விடுவதில்லை. அதனால் ஒல்லாந்தக் காசையோ ஏட்டுச் சுவடியையோ யாருடைய பயணப்பெட்டியிலும் வைத்துவிடாதீர்கள். அனுப்ப வேண்டிய பொருளின் படம், அளவு, வந்த வழி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் உள்ள தொல்பொருள் திணைக்களத்துக்குப் போய் முதலில் கேளுங்கள். போன கையோடு பக்கத்தில் தேசிய நூதனசாலைக்குள்ளும் போய் வாருங்கள், காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் பொறித்த அந்தக் கல்லை 1911இல் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது.

இனி எல்லோரும் கடைசியாகப் பார்ப்பது, நான் முதலில் பத்திரப்படுத்தச் சொல்வது: படங்களும் கடிதங்களும். உங்கள் வியாபாரி இவற்றுக்கு ஒரு ரூபாவும் கணக்கிட்டிருக்கமாட்டார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 83இல் கொழும்பில் எத்தனை வீடுகள் எரிந்தன, அதன் பிறகு எத்தனை இடப்பெயர்வு. ஓடும்போது ஆல்பத்தை யாரும் தூக்கவில்லை. ஆகவே தப்பி வந்த ஒரு கலியாண அழைப்பிதழும், ஒரு கடைக் கணக்குக் கொப்பியும், ஸ்டூடியோ முத்திரையோடு ஒரு படமும் எங்கள் ஆட்களுக்குப் பெறுமதியானவை. படத்தின் பின்னால் பெயரை மென்மையான பென்சிலால் எழுதுங்கள், குமிழ்முனைப் பேனா முன்பக்கம் வரை அழுந்தும். ஒட்டிய ஆல்பங்களைப் பிய்க்காமல் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். நூல்கள், சஞ்சிகைகள், சுவடிகள் இருந்தால் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள்.

வியாபாரியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணை, வீட்டு ஆட்களோடு பேசிவிட்டு அடுத்த சனிக்கிழமை சொல்கிறோம். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி விலை எழுதித் தாருங்கள்." எழுதித் தந்தால் அவரோடு பேசலாம், எந்தச் சாமானில் அவருடைய கண் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அதே பட்டியலுக்கு விலை கேளுங்கள். முன்பணம் வாங்காதீர்கள். பெட்டகத்தின் உட்பக்கத்தையும் காசுப் பேணியையும் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.